காலியாகக் கிடந்த நடு இடம்

என் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடை. அதை நடத்திய அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, காட்சிப் பெட்டியில் காலியாக இருந்த நடு இடத்தைத்தான் தினமும் முதலில் துடைப்பார். சென்னையில் எப்போதோ வந்துவிட்ட விலையுயர்ந்த போன் திருநெல்வேலிக்கு இன்னும் வரவில்லை. அதற்கான இடம் அது.

நான் போன் உறை வாங்கப் போனபோது, போன் கம்பெனி ஆள் அந்த நடு இடத்தில் பழைய மாடல் ஒன்றை வைக்கப் போனார்.

"அங்கன கை வைக்காதிய தம்பி. எங்க ஊருக்கு இன்னும் அனுப்பலைன்னு வாரவங்க பாக்கட்டும்."

"பார்க்க நல்லா இல்லையேம்மா."

"நீங்க செய்யுதது மட்டும் நல்லா இருக்கோ?"

ஒருவழியாக அந்த போன் வந்தபோது, சென்னையில் அடுத்த மாடலே விற்றுக்கொண்டிருந்தது. வந்ததை அம்மாள் ஓரத்தில் வைத்தார். நடு இடத்தை மறுபடியும் துடைத்தார்.