கல்லுக்குக் காவல் நின்றவன்

சண்முகராசா அண்ணையைப் போல் பயந்த சுபாவமுள்ள மனிதரை நான் கண்டதில்லை. பயம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்; கவனம் என்று திருத்துவார். லண்டன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் பதினொரு வருடம் ஒரே ஷிப்டில் இருந்தோம். தூறல் விழுந்தால் நாங்கள் அவதி அவதியாக வேலையை முடிக்கப் பார்ப்போம். அண்ணை சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்துத் துடைத்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பார். நிறுத்திவைத்த காருக்குள் இருந்து வடை தின்னும்போதும் சீற் பெல்ட் போட்டிருப்பார். எத்தனையோ முறை நக்கலடித்திருக்கிறேன். அந்த மனிதரைத்தான் ஆறு கொண்டுபோனது.

மீன்பிடிப் பைத்தியம் எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹவுன்ஸ்லோவிலிருந்து ஐல்வொர்த்துக்குப் போய்த் தேம்ஸ் கரையில் தூண்டில் போடுவோம். அங்கே ஆற்றுக்குக் கடலின் குணம். ஏறும், பிறகு வற்றும். பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் தண்ணீர் தெருவுக்கே வந்து கார்ச் சில்லுகளை நனைக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் பதறியடித்துக் காரை எடுப்பார்கள். நாங்கள் கரையில் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தேநீர் குடிப்போம். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வந்த வழியே போய்விடும். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிணறு தெரியும், குளம் தெரியும், கடல் தெரியும். ஓடும் ஆற்றோடு பழக்கமில்லை. ஆகவே ஆறு என்றால் ஐல்வொர்த்தில் கண்டதுதான் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டோம்.

சால்மன் ஆசை நூலகத்தால் வந்தது. கடலில் வளர்ந்த மீன் இலையுதிர்காலத்து மழையோடு, தான் பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பி வருகிறது என்று ஒரு புத்தகத்தில் அண்ணை வாசித்தார். ஆள் நீளத்தில் பாதி வருமாம். அதன் பிறகு வேறு பேச்சில்லை. அவருடைய மனைவி தவநாயகி அக்கா சிரித்தார். கடையில் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள், இதற்கு ஏன் வேல்ஸ் வரைக்கும் என்று கேட்டார். பிடித்தாலும் படம் எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்று அண்ணை சொன்னபோது, இரண்டு பேருக்கும் விசர் முற்றிவிட்டது என்று முடித்துவிட்டார்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை. புதியவர்களுக்கு ஒருநாள் பயிற்சி. வேல்ஸில் அந்தப் பகுதி ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் டேவிஸ் என்ற கிழவர் சொல்லித் தந்தார். தூண்டிலை ஆற்றுக்குக் குறுக்காக எறிய வேண்டும். ஒரு எறிக்கு ஒரு அடி கீழே நகர வேண்டும். தண்ணீருக்குள் காலைத் தூக்கக்கூடாது, தேய்த்தபடிதான் நகர வேண்டும். மார்பு வரை வரும் ரப்பர்க் காற்சட்டைக்கு மேலே பெல்ட்டை இறுக்க வேண்டும். அண்ணை ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டார். கடைசியாக டேவிஸ் தேங்காய் அளவில் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துத் தண்ணீர் ஓரத்தில் வைத்தார். கல் மூழ்கினால் எதையும் யோசிக்காமல் வெளியே வந்துவிட வேண்டும் என்றார். மேலே இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டவர், ஒரு கணம் நின்று மலைப்பக்கம் பார்த்தார். அங்கே வானம் கறுத்துக் கிடந்தது. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில்.

முதலில் அண்ணை இறங்கினார். அக்கரையைப் பார்த்து நின்றதால் அவருக்குக் கல் தெரியாது. கல்லைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நான். கையில் கமராவும் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பாமலே குரல் கொடுப்பார், கல் தெரிகிறதா என்று. தெரிகிறது என்பேன். மூன்று தரமும் அது உண்மை.

பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. வெறும் தேத்தண்ணி மாதிரி இருந்தது, பால் விட்ட தேத்தண்ணி மாதிரி ஆனது. இலைகள் கும்பல் கும்பலாக வந்தன. ஒரு முழு மரக்கொப்பு அண்ணையைத் தாண்டிப் போனது. கல்லின் உச்சி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, அதுவும் போய்விட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐல்வொர்த்தில் போலப் பெருக்குத் தொடங்கிவிட்டது, இனி மெல்ல ஏறும், நேரம் கிடக்கிறது என்று கணக்குப் போட்டேன். மலையில் பெய்த மழை இறங்கி வரும்போது ஆறு யாருக்கும் நேரம் தராது என்பது எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத் தூண்டில் தடி வளைந்தது. மீன் ஒருமுறை மேலே வந்து புரண்டது. செம்பு நிறம், என் கை நீளம். நான் கமராவைக் கண்ணில் வைத்துவிட்டேன்.

"தம்பி, கல்லு தெரியுதோ?"

"தெரியுது அண்ணை. விடாதையுங்கோ."

அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். பலநாள் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் வெறும் அறியாமை என்றால், தெரியவில்லை, ஆனால் நேரம் இருக்கிறது என்று சொல்லியிருப்பேனே. மூழ்கிவிட்டது என்று கேட்ட அடுத்த நொடி மீனையும் தடியையும் போட்டுவிட்டு அவர் வெளியே வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். படம் எடுக்கும் வரைக்கும் அவர் அங்கே நிற்க வேண்டும் என்று விரும்பினேன். வேலையிடத்தில் காட்டுவதற்கு ஒரு படம். அவ்வளவுதான்.

அண்ணை என் வார்த்தையை நம்பி மீனோடு இன்னும் ஓரடி கீழே போனார். அதற்குள் தண்ணீர் இடுப்பிலிருந்து மார்புக்கு வந்துவிட்டது. திரும்பினார். அவர் நடந்து போன கணுக்கால் ஆழக் கூழாங்கல் வழி இப்போது மண்ணிறமாக இரைந்து ஓடியது. தடியை விட்டார். கல் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காலைத் தேய்த்துத் தேய்த்து மூன்று அடி வந்தார், சொல்லித் தந்தபடியே. நாலாவது அடியில் ஆள் இல்லை.

கரையோரமாக ஓடினேன். கழுத்தில் கமரா ஆடிக்கொண்டே வந்தது. அடுத்தநாள் காலை ஒரு மைல் கீழே உடலை எடுத்தார்கள். பெல்ட் அப்போதும் இறுக்கமாகத்தான் இருந்ததாம்.

பொலிஸ்காரர் நல்ல மனிதர். எனக்குப் போர்வையும் தேநீரும் தந்துவிட்டுத்தான் விசாரித்தார். மூன்று முறை கூப்பிட்டேன், மீன் பட்டிருந்ததால் அவர் வரவில்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். ஒரு பொய் இவ்வளவு சுலபமாக எடுபடும் என்று நான் நினைக்கவில்லை.

செத்தவீடு முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு தவநாயகி அக்கா கூப்பிட்டு அனுப்பினார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும், அண்ணையின் வாழ்க்கையை நான்தான் எழுத வேண்டும் என்றார். மகள் மேனுஷா பக்கத்தில் இருந்தாள். அக்கா அழவில்லை. முகம் மட்டும் இறுகிப்போயிருந்தது.

"ஒருத்தற்றை சொல்லையும் மீறாத மனுசன் தம்பி. நீங்கள் கூப்பிட்டும் ஏன் வரேல்ல எண்டுதான் எனக்கு விளங்கேல்ல. எங்களை விட அந்த மீன் பெரிசாப் போச்சுது போல." மகளின் பக்கம் கையைக் காட்டினார். "நீங்கள் கூப்பிட்டதையும் எழுதுங்கோ. அப்பா தனிய நிண்டவரோ எண்டு இவள் நெடுகக் கேக்கிறாள். கூப்பிட ஒரு ஆள் நிண்டது எண்டு அறியட்டும்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எத்தினை பக்கம் வேணும் அக்கா?" என்று கேட்டேன்.

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை கூப்பிட்டதையும் அவர் வராததையும் எழுதினேன். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் வந்தவர்கள் எல்லோருக்கும் மலர் கொடுத்தார்கள். மேனுஷாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. சாப்பாடு நடந்துகொண்டிருக்கையில் மலரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, அப்பாவைப் பற்றிய பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். கூப்பிட்ட இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடித்த பிறகுதான் விட்டாள்.

"தாங்க்ஸ் மாமா," என்றாள்.