என் கால் தேறிய நாள்

2006ஆம் ஆண்டின் கடைசியில், ஆசிய பசிபிக் நாடுகளின் ஊனமுற்றோர் விளையாட்டுப் போட்டிக்காக, இந்திய அணியில் ஒருத்தியாகக் கோலாலம்பூருக்குப் போனேன். ஈட்டி எறியப் போனேன். எறியாமல் திரும்பி வந்தேன். அதைப் பற்றி வீட்டில் நான் அதிகம் பேசியதில்லை. பேசினால் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து எனக்கு இடது கால் மெலிந்துபோனது. ஒரேயடியாகச் சூம்பவில்லை, கொஞ்சம் மெலிவு, கொஞ்சம் குட்டை. உட்கார்ந்திருந்தால் தெரியாது, எழுந்து நடந்தால் தெரிந்துவிடும். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அப்போது புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. என் அடையாள அட்டையில் 'ஊனமுற்றவர், நாற்பது சதவீதம்' என்று இருந்தது. தெருவில் அதைவிடச் சுருக்கமான சொல் ஒன்று வைத்திருந்தார்கள்.

அத்தா, என் அப்பா, கீழ்க்கட்டளையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். நான் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊனமுற்றோர் பஸ் பாஸ் புதுப்பிக்க ஒரு முகாமுக்குப் போனபோது, டிராக் சூட் போட்ட ஒருவர் வரிசையில் நின்ற பெண்களின் தோள்களைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். "ஈட்டி எறிவியாம்மா?" என்று கேட்டார். ஈட்டியை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். எறிவேன் என்றேன்.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தாம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில், வாரத்தில் மூன்று நாள் காலையில் பயிற்சி. இருந்த ஒரே ஈட்டிக்கு நாலைந்து பேர் காத்திருந்ததால், அத்தாவின் கடையிலிருந்து ஓர் அலுமினியக் குழாயை வெட்டி எடுத்துப் போய்ப் பழகினேன். "எந்த வூட்டு பிளம்பிங்குக்கும்மா இது?" என்று அத்தா கேட்டார். சொன்னேன். அவர் குழாயின் கூரான விளிம்பை அரம் வைத்து ராவிக் கொடுத்தார்.

அங்கேதான் கோவளத்து அக்காவைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர். மீன் கூடையோடு சாலையைக் கடக்கும்போது லாரி மோதி ஒரு காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் மீன் விற்றார், உட்கார்ந்தபடி. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து குண்டு எறிவது அவருடைய போட்டி. கேளம்பாக்கம் வழியாக இரண்டு பஸ் மாறி, ஊன்றுகோலோடு, எனக்கு முன்னால் வந்து மைதானத்தில் உட்கார்ந்திருப்பார்.

மாஸ்டர் என் கைக்குக் கொடுத்த பயிற்சியைவிடக் காலுக்குக் கொடுத்ததுதான் அதிகம். கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்குவது, சுவரில் பாதத்தை வைத்துத் தள்ளுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்து மணலில் நடக்கவிடுவார். அக்கா படகு நிழலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஒரு ரவுண்டு போம்மா" என்று விரட்டுவார். இரண்டரை வருஷம். கைப்பிடி இல்லாமல் மாடிப்படி ஏறினேன். ஒருநாள் தாம்பரம் மைதானத்தில் அக்கா என் ஆடுசதையைப் பிடித்துப் பார்த்து, "இன்னாம்மா, சதை வெச்சிகினு வருது!" என்றார். அன்றைக்கு ரயிலில் இடம் இருந்தும் பல்லாவரம் வரை நான் நின்றுகொண்டே வந்தேன்.

அக்காவும் நானும் இந்திய அணிக்குத் தேர்வானோம். என் தோளைவிட இரண்டு விரல் தள்ளி நிற்கும் ஒரு கோட்டு வந்தது, மார்பில் இந்தியா என்று. கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டு அருகே தெருக்காரர்கள் என் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார்கள். கிளம்பிய அன்று நல்ல மழை. பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து, பாதி முகம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

போட்டிக்கு முன்னால் எங்கள் ஒவ்வொருவரையும் மருத்துவக் குழு ஒன்று பரிசோதித்து, யார் எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்று முடிவு செய்யும். இந்தியாவில் ஏற்கெனவே என்னைப் பரிசோதித்திருந்தார்கள். அதனால் இதுவும் ஒரு கையெழுத்து வேலை என்றுதான் நினைத்துப் போனேன்.

உயரமான மேசை. ஒரு டாக்டர், ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா. எனக்கு மொழிபெயர்க்க மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர் நின்றார், தன்னார்வலர். பிசியோதெரபிஸ்ட் என் பாதத்தில் கையை வைத்தார்.

"அவங்க கைய எதிர்த்துத் தள்ளணும் தங்கச்சி. முழு பலத்தையும் காட்டுங்க" என்றார் தமிழ்ப் பெண்.

தள்ளினேன். அந்த அம்மாவின் கை பின்னால் போயிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது. முழங்கால், தொடை, கணுக்கால் என்று ஒவ்வோர் அசைவாகச் சொன்னார்; ஒவ்வொன்றிலும் பல்லைக் கடித்துக்கொண்டு பலத்தைக் காட்டினேன். ஒவ்வோர் அசைவுக்கும் மதிப்பெண் உண்டு. எத்தனை மதிப்பெண் குறைகிறது என்று கூட்டிப் பார்த்து, குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்திருந்தால்தான் போட்டியிட முடியும். எனக்கு ஒன்று போதவில்லை. அதாவது, ஒரு மதிப்பெண் கூடுதலாக எடுத்துவிட்டேன்.

அந்தத் தமிழ்ப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வருத்தப்படாதீங்க தங்கச்சி. உங்க காலு நல்லாத்தான் இருக்குன்னு சொல்றாங்க லா."

இருபத்து நான்கு வருஷத்தில் யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்காத நாள் கிடையாது.

அணி மேலாளர் முறையீடு எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை வேறொரு குழு என்னை மறுபடி பார்க்கும் என்றார்கள். அன்று மாலை சாப்பாட்டுக் கூடத்தில் அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"நாளைக்கி கொஞ்சம் சோம்பலா தள்ளு. யாருக்கும் தெரியாது."

"பொய்தானேக்கா அது?"

"இன்னா பொய்யி? உனக்குப் போலியோ வந்துது பொய்யா? தெருவுல கூப்டானுங்களே, அது பொய்யா? ஒரே ஒரு மார்க்கும்மா."

சரி என்றேன். அப்படியே செய்வது என்று முடிவும் செய்துகொண்டேன்.

மறுநாள் வேறொருவர், வயதானவர், என் பாதத்தில் கையை வைத்தார். தள்ளச் சொன்னார். நான் பாதி பலத்தை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கோபமாக இல்லை, பாவம், இந்தப் பெண்ணால் முடியவில்லையே என்கிற மாதிரி. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவர்களிடமும், கல்யாண வீடுகளில் அம்மாவிடம் என்னைப் பற்றிக் கேட்பவர்களிடமும் பார்த்ததுதான். இன்னொரு முறை என்றார். என்னையும் மீறி முழுப் பலத்தோடு தள்ளினேன். அவர் தலையாட்டி, சிரித்து, எழுதிக்கொண்டார்.

என் போட்டி நடந்த அன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு. கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் பின்னால் இருந்தது. அந்த வீட்டு அம்மா என் தோளைத் தொட்டு, "நீங்க எப்பம்மா போடுவீங்க?" என்று கேட்டார். "நாளைக்கு" என்றேன். அவர்கள் நாளைக்கும் வருவதாகச் சொன்னார்கள்.

ஈட்டி எறியும் பெண்கள் ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் என் வலது கை முறுக்கிக்கொண்டது. மூன்றாம் இடம் பிடித்தவளின் தூரத்தைப் பலகையில் பார்த்தேன். தாம்பரத்தில் நல்ல நாட்களில் அதை நான் தாண்டியிருக்கிறேன். மோசமான நாட்களில் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. அன்று எனக்கு எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்? இதை நான் துணி காயப்போடும்போது, அடுப்படியில் நிற்கும்போது, எத்தனையோ முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். தோற்றிருந்தால் இந்தக் கேள்வி அன்றோடு முடிந்திருக்கும்.

அக்கா தன் போட்டியில் ஏழு பேரில் ஆறாவதாக வந்தார். உள்ளங்கையெல்லாம் மண்ணோடு வெளியே வந்து, "வுடு, ஒருத்திய முந்திட்டேன்" என்று சிரித்தார்.

மீனம்பாக்கத்தில் அத்தா வந்து காத்திருந்தார். கோலாலம்பூரில் நடந்ததைக் காரில் சொன்னேன். பல்லாவரம் தாண்டியதும் அத்தா என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"டாக்டருங்க எல்லாம் வெளிநாட்டுக்காரங்களா?"

"ஆமாத்தா."

"ரெண்டு தடவ பாத்தாங்களா?"

"ரெண்டு தடவ."

"ரெண்டு தடவையும் கால் நல்லாருக்குன்னா சொன்னாங்க?"

"ஆமா."

அத்தா இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தோள் குலுங்கியது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பூர் ஆஸ்பத்திரிக்கும் வேலூர் ஆஸ்பத்திரிக்கும் அலைந்த மனிதர். அவர் அழுததில் தப்பே கிடையாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்குக் கிடைத்த அதே செய்திதான் எனக்கும் கிடைத்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து அழ முடியவில்லை.

அம்மா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். மெடல் பற்றி யாரும் கேட்கவில்லை. என் படம் போட்ட பேனர், மழைக்காக ஒரு டீக்கடைக் கூரையில் தலைகீழாக விரிக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் சென்டருக்கு மறுபடி போனேன். பஸ்ஸில் கண்டக்டர் என் பாஸை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை நான் இன்னும் நாற்பது சதவீதம்தான்.

அடுத்த வருஷம் மாஸ்டர், "மத்தவங்களோட சேர்ந்து போட்டுப் பாரேன்" என்று மாவட்ட அளவில் ஒரு பொதுப் போட்டிக்கு அழைத்துப் போனார். எட்டுப் பெண்களில் ஏழாவதாக வந்தேன். என் காலை யாரும் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து நான் துஆவில் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். கிடைத்தபோது, கோலாலம்பூர்ப் புல்தரையில் ஓடிய அந்தப் பெண்களின் நடுவில் நிற்க வேண்டும் போலிருந்தது. அவர்களில் ஒருத்தி நான். அப்படித்தான் நினைத்திருந்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதோடு ஈட்டியைத் தொடவில்லை.

அனகாபுத்தூர்க்காரர் ஒருவருக்கு என்னைக் கொடுத்தார்கள். நல்லவர். கல்யாணமான புதிதில், எங்கே போகலாம் என்று கேட்டார். கோவளம் என்றேன். கடல் பார்க்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து பைக்கில் கூட்டிப் போனார். அவர் படகுகளைப் பார்க்கப் போனதும், மீன் விற்கும் இடத்தில் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு ஸ்டேடியத்துக்கு உள்ள எப்படி இருந்துச்சு?"

"எத்தினி வாட்டிம்மா கேப்ப?"

"சொல்லுங்களேன்."

"இன்னா சொல்றது. பேரைக் கூப்டாங்க. தப்பாத்தான் கூப்டான். ஒரு நடை கீது, உள்ள இருட்டா. அத்தத் தாண்டுனா வெளிச்சம். போனேன், போட்டேன், வந்தேன்."

"போடறதுக்கு முன்னாடி?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதிரே நின்ற ஆளிடம், "செத்த நில்லு சார்" என்று சொல்லிவிட்டுக் கத்தியைப் பலகையில் வைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, காலையில் எழுந்து தலை வாரியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.