ஒரு முழம் தள்ளிப் பிடித்த மீட்டர்

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க அளப்பதுதான். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் லதாவுக்கு. இரண்டு முறை கரு கலைந்ததை வெளியாட்களில் அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதிர்வீச்சு அளக்கும் மீட்டரோடு பொன்னேரியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் தலைமாட்டுச் சுவரில் ஒட்டி வைத்ததும் அது அலறியது. சுவருக்கு அந்தப் பக்கம் கரண்ட் மீட்டர் பெட்டி.

"பாத்தியாடி? இத்த தலைமாட்டுல வெச்சிகினு படுத்தா கரு எப்டி தங்கும்?" என்றாள்.

கதிர்வீச்சைத் தடுக்கும் என்று அவள் விற்கும் ஸ்டிக்கரை உடனே வாங்கிச் சுவரில் ஒட்டினேன். மறுபடி அளந்தாள், சத்தமே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

போகும்போது மீட்டரை மறந்து வைத்துவிட்டாள். மறுநாள் காலை, வேலைப் பழக்கத்தில், ஸ்டிக்கரின் மேலேயே அதை வைத்துப் பார்த்தேன். அலறியது. ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன், அடங்கிவிட்டது. நேற்று இரண்டாம் முறை அவள் தள்ளித்தான் பிடித்திருந்தாள். கம்பெனியில் யாராவது இப்படி அளந்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

பஸ்ஸில் மீட்டரை அவள் மடியில் போட்டேன்.

"இன்னாடி, இதுக்குப் போயி பேஜாரு பண்றே? எல்லார் ஊட்லயும் இப்டித்தான் காட்றேன்" என்றாள்.

எல்லார் வீட்டிலும் கருவைச் சொல்லியா காட்டினாள்?

அன்று சாயங்காலமே கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். ஸ்டிக்கரையும் பிய்த்து எறிந்தேன். அவளிடம் சொன்னதைத்தான் என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.