குரங்கணிப் பாதைச் சுமைதாங்கி

சுமைதாங்கிக் கல் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு நேரில் காட்டித்தான் சொல்ல வேண்டும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். உயரம் ஆளின் தோள்மட்டம். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கை கொடுக்காமல் தானே இறக்கிக்கொள்ளலாம், தானே திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். தனியாக நடப்பவர்களுக்கென்றே ஆன கல் அது. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப்போனால் அவள் பேரில் ஒன்று நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வழிப்போக்கர் சுமை அங்கே இறங்க இறங்க, அவள் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பார்கள்.

குரங்கணிக்கு மேலே, பாதை வளையும் இடத்தில் நிற்பது என் மனைவிக்கு நான் நட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தோம். மாசம் நிறையும் முன்னே அவளுக்கு வலி கண்டது. கம்பளியில் டோலி கட்டி, போடி ஆஸ்பத்திரிக்கு என்று தூக்கி வந்தோம். அந்த வளைவு வரைதான் வந்தாள்.

"என்ன பேரு வெட்டணும்?" என்று கல்தச்சர் கேட்டார். வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை, அழுகைதான் வந்தது. "வெறும் கல்லே போதும்ணே" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு மலைமேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் மூட்டை தைக்கும் வேலைக்கு வந்து, ஒற்றை அறையில் ஒற்றை ஆளாகப் பொங்கித் தின்று காலத்தைத் தள்ளினேன். இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று சொந்தக்காரர்கள் மொய்த்தபோது, "அவுகவுக சோலியைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். கொஞ்ச நாளில் அவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

லீவு நாளில் ஏறிப்போய் வளைவில் உட்காருவேன். ஏலக்காய் மூட்டை, காப்பி மூட்டை, புல்லுக்கட்டு என்று சுமை வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். இறக்கியவர்கள் "அப்பாடா" என்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் போனேன். வேறு யாரோடும் எனக்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஜீப்பு ரோடு வந்தது. லோடெல்லாம் ஜீப்பில் போனது. தலைச்சுமைக்காரர்கள் அருகிப்போனார்கள். சரி, ஊருக்கு நல்லதுதானே என்று இருந்தேன். அப்புறம் ஒருநாள் போய்ப் பார்த்தால், என் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருக்கிறார்கள்! வளைவில் வண்டி கவிழாமல் இருக்க ஜீப்பு டிரைவர்கள் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போகிறார்களாம். பக்கத்தில் ஒரு தகரப் பலகை: 'நாயக்கர் காலத்து அம்மன். செருப்பைக் கழற்றவும். சுமை வைக்கக் கூடாது.' அடக் கொடுமையே! எந்த நாயக்கர் வந்து நட்டார்? நானும் என் மச்சினனும் கை தோல் உரிய நட்ட கல் அது.

அங்கே நின்ற டிரைவரிடம் கேட்டேன். "தம்பி, இது அம்மன் இல்லப்பா. எம் வீட்டுக்காரிக்கு நான் நட்டது. சுமை வைக்க விடுங்கப்பா."

அவன் நல்ல பையன். கல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "அப்பிடியாண்ணே! மதினி சாமியாயிட்டாகன்னு சந்தோசப்படுங்கண்ணே. அடுத்த வாரம் சுத்திக் கம்பிக்கூண்டு வைக்கிறோம். ஆடுமாடுகூடக் கிட்ட வராது."

சண்டைக்கு வருகிறவனைத் திட்டலாம், கும்பிடுகிறவனை என்ன செய்வது? எல்லாரும் சேர்ந்து அவளைச் சாமியாக்கிவிட்டார்கள். அவள் இன்னும் பாரத்தோடு நிற்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கூண்டு வைப்பதற்கு முந்தின நாள் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு சுமையாவது இறங்காதா என்று மனசு அடித்துக்கொண்டது. ஜீப்புகள் வந்து நின்று, கும்பிட்டுவிட்டுப் போயின. வெயில் சாயும்போது, விறகுக்கட்டோடு ஒரு பெண் தனியாக இறங்கி வந்தாள். பாரத்தில் அவள் கழுத்து நடுங்கியது.

"ஆத்தா, அந்தக் கல்லுல இறக்கி வையி" என்றேன்.

"ஐயையோ, சாமி குத்தமாயிரும்ணே."

"சாமி இல்ல ஆத்தா. எம் பொண்டாட்டி. வயித்துப் பிள்ளையோட போயிட்டா." இதை வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள், தகரப் பலகையைப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் சிவப்புத் துணியை ஒதுக்கிவிட்டு, கட்டைச் சாய்த்துக் கல்மேல் இறக்கினாள். "அப்பாடா!" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்லில் சாய்ந்து வெகுநேரம் நின்றாள்.

அவள் கிளம்பும்போது, தூக்கிவிடலாம் என்று எழுந்து கையை நீட்டினேன். கட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டே, "வேணாம்ணே, மதினி தூக்கி விடுவாக" என்றாள்.

நீட்டிய கையோடு அங்கேயே நின்று அழுதேன். மறுநாள் கூண்டு வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவள் இறக்கியதுதான் கடைசிச் சுமை.