ஓநாய்க்கு எழுதிய விதி

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் லேபில் அவளுக்கு வேலை. மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, மேல்தாடையும் கீழ்தாடையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் வாயிலேயே குடியிருக்கிறாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்குப் பல்லழகி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுடைய முன்பல் ஒன்று ஓரம் உடைந்திருந்ததுதான் அந்தக் கேலியின் மீதிப் பாதி. எப்படி உடைந்தது என்று கேட்டால் சொல்ல, மாடிப்படியில் வழுக்கிய கதை ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள்.

ஞாயிறு மதியம் மட்டும் அவள் வேறு ஆள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வரைபடத்தை விரித்து, பகடைகளை நடுவில் கொட்டினால் ஆட்டம் தொடங்கிவிடும். ஆளுக்கொரு பாத்திரம். அதன் பலமும் பலவீனமும் ஒரு தாளில் இருக்கும். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஊர், காடு, எதிரி, மழை எல்லாம் கதை நடத்தும் பல்லழகியின் பொறுப்பு. லேபில் கூட வேலை பார்க்கும் குண்டூசி என்ற ஒல்லிப் பெண் மந்திரவாதியாக இருந்தாள். நாத்தனார் திருடி. கணவன் வேட்டைக்காரன்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். குடியை நிறுத்திய பிறகு விடுமுறை நாளை எப்படிக் கழிப்பதென்று தெரியாமல் கூண்டுக்குள் அடைபட்டவன் போல நடந்துகொண்டிருந்தான். தங்கைதான் அவனை இழுத்துவந்து மேசையில் உட்கார வைத்தாள். வந்த வேகத்தில் அவனுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது.

குடித்த காலத்தைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. அப்போதெல்லாம் மறுநாள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "சத்தியமா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல." அவள் அதை நம்பினாள். நம்பியதால்தான் கூட இருக்க முடிந்தது. நினைவே இல்லாதவனிடம் போய் என்னத்தைக் கேட்பது?

அந்த மாதம் ஆட்டத்துக்குள் ஓநாய் மனிதனைக் கொண்டுவரலாம் என்று அவளுக்கு ஆசை வந்தது. பழைய பேய்க்கதைகளில் வரும் அதே ஆள்தான். பௌர்ணமியில் உடம்பு மாறும், கடிபட்டவனும் ஓநாயாவான், விடிந்தால் எல்லாம் மறந்துபோகும். லேபில் மிச்சமான அக்ரிலிக்கில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓநாய் ஒன்று செய்து, ஊசிமுனையில் பல் வரிசையும் செதுக்கினாள். பொம்மை சுலபமாக வந்துவிட்டது. விதிதான் இடித்தது. ஆட்டப் புத்தகத்தின்படி, கடிபட்டவர் ஓநாயானதும் தாளைக் கதை நடத்துபவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"அப்ப அந்த ஆள் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடணுமாக்கா?" என்றாள் குண்டூசி, டீ குடித்தபடி. "நல்லாவா இருக்கு?"

நியாயம்தான் என்று பட்டது. கடிபட்டவரே ஓநாயையும் நடத்தட்டும், என்ன செய்தது என்று அவரே சொல்லட்டும் என்று மாற்றினாள். மறதியை மட்டும் அப்படியே விட்டுவைத்தாள்.

யாரைக் கடிக்கும் என்பதைப் பகடையிடம் விட்டாள். பகடை வேட்டைக்காரனைக் காட்டியது.

"வேற யாராவது பண்ணுங்களேன்" என்றான் கணவன்.

"விளையாட்டுதானே அண்ணா. ரொம்பப் பிகு பண்ணாத" என்றாள் நாத்தனார்.

பல்லழகி இடத்தைச் சொன்னாள். மாவு மில். மில்காரி உள்ளறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். வெளியே ஓநாய். "இப்ப என்ன பண்ணுது?"

முதலில் தயங்கினான். பிறகு குரல் தாழ்ந்தது. "கதவை உடைக்கல. நகத்தை மேல வெச்சு, கீழ வரைக்கும் மெதுவா இழுக்குது. உள்ள இருக்கிறவளுக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்கணும். 'நான் உடைக்க மாட்டேன், நீயாத்தான் திறக்கணும்'னு சொல்லுது."

"ஓநாய் பேசுமாண்ணே?" என்று குண்டூசி சிரித்தாள். நாத்தனாரும் சிரித்தாள்.

அந்தச் சத்தம் பல்லழகிக்குத் தெரியும். குளியலறைக் கதவுக்குப் பின்னால், வாஷிங் மெஷினோடு ஒட்டி உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறாள். நகம் இல்லை, வீட்டுச் சாவி. சொன்னதும் இதே வார்த்தைகள்தான். மறுநாள் அவனே அந்தக் கதவைத் தடவிப் பார்த்து, "இதென்ன கீறல்?" என்று கேட்டான். தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். அவன் மனசு உடைந்துவிடுமே என்று நினைத்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கணவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வாய் தவறிச் சொல்லிவிட்டோம் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "காலையில அவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது" என்றான் அவசரமாக. "அதானே விதி?"

"இருக்கும்" என்றாள்.

"மாத்திட்டியா?"

"இப்பதான் மாத்தினேன்."

தலை வலிக்கிறது என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தினாள். குண்டூசி கிளம்பிப் போனாள். நாத்தனார் பால்கனியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டி அருகே அவன் வந்து நின்றான்.

"கதைக்காக ஏதோ வாயில வந்ததச் சொன்னேன்."

"எல்லாமே ஞாபகம் இருக்கா? இல்ல, அது மட்டுமா?"

அவன் குழாயைத் திறந்தான், மூடினான்.

"ஞாபகம் இருக்குன்னு சொல்லியிருந்தா நீ போயிருப்ப" என்றான் கடைசியில்.

பல் உடைய அடித்ததைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. குடி பேசியது என்று நினைத்திருந்தாள். காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஞாபகம் இல்லை என்று சொன்னது தெளிந்த ஆள் அல்லவா?

"உங்க தங்கச்சி வீட்டுக்குப் போங்க. இன்னைக்கே" என்றாள்.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்த நாத்தனார் எகிறினாள். "என்ன அண்ணி இது, ஒரு விளையாட்டைப் பெருசு பண்ணிக்கிட்டு? இப்பதானே அவன் மனுஷனா ஆகிட்டு வர்றான்!" பல்லழகி அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் குளியலறைக் கதவைக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் அந்தக் கீறலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அண்ணனின் துணிகளை எடுத்துப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

அவன் இன்னும் தங்கை வீட்டில்தான் இருக்கிறான். குடிக்கவில்லை. சனிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே வருவான். வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருவரும் ஹாலில் உட்காருவார்கள். இப்போது அவன் சொல்கிறான், ஒவ்வொன்றாக, அவள் மறந்துபோனதைக்கூட. சில நாள் அவளால் முழுதும் கேட்க முடிவதில்லை, போதும் என்று எழுந்துவிடுவாள். சில நாள் அவன் அழும்போது தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். கொடுத்த பிறகு, ஏன் கொடுத்தோம் என்று தன் மேலேயே எரிச்சல் வருகிறது. திரும்பி வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.