சோப்புப் பூசாத கால்

அக்காவின் வலது கணுக்காலில் நான் முதல் தடவை ஒட்டுப் பிளாஸ்டர் சுற்றியபோது அவளுக்குக் கூச்சம். காலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"விட்றா. ஆம்பளப் பய காலப் புடிச்சிக்கிட்டு."

"அசையாதக்கா. கோணலாப் போயிரும்."

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மழைக்காலத்தில், கொழுந்து நிறைந்த பையோடு கான் தாண்டும்போது சறுக்கி விழுந்திருந்தாள். அந்தத் தண்ணீர்க் கான்களில் விழாதவர்கள் மலையில் யாருமில்லை. ஆனால் அவளுடைய கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து எலும்பு உடையவில்லை என்றார்கள். சவ்வு கிழிந்திருக்கிறது, வீக்கம் வற்றும்வரை காலை ஊன்றவே வேண்டாம், மலை ஏறும் பேச்சே கூடாது என்றார்கள். அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள்.

மச்சான் இறந்த பிறகு, தோட்டம் விட்டிருந்த அந்த ஒற்றையறைக் காம்பிராவில் வேலைக்குப் பேர் பதிந்த ஆள் அவள் ஒருத்திதான். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தொடர்ந்து போகாவிட்டால் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பிராவையும் கேட்பார்கள். எங்களுக்கு வேறு கூரை கிடையாது. நானே எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒதுங்குவதற்கு அங்கேதான் வருவேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பேக்கரி, புடவைக்கடை, மீன் லொறி என்று எதிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. கடைசியாகக் கொழும்பில் ஒரு மைதானத்தில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். றக்பி விளையாடும் பையன்களுக்குக் கால் பிசகினால் பிளாஸ்டர் சுற்றுவதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கும் கை பழகிவிட்டது. பாதத்தை நேராக நிமிர்த்தி வைத்து, உள்பக்கத்தில் தொடங்கி, குதிகாலுக்குக் கீழே கொண்டுபோய், வெளிப்பக்கமாக மேலே இழுத்து ஒட்ட வேண்டும். அப்போது கால் மறுபடி உள்ளே மடங்காது. ஆட்டம் முடிந்ததும் அவர் எல்லாவற்றையும் கிழித்து எறிந்துவிட்டு ஐஸ் வைப்பார். இது கால் ஆறுவதற்கு அல்ல, ஆட்டம் முடிவதற்கு என்பார். அங்கிருந்து வரும்போது என் பையில் ஒன்றிரண்டு சுருள் இருந்தன.

முதல் நாள் சுற்றிய பிளாஸ்டர் பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்பே கழன்றுவிட்டது. அக்கா அதை வளையம் குலையாமல் கொழுந்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். "இந்தா ஒன் வைத்தியம்."

எடுத்துப் பார்த்தேன். ஒட்டும் பக்கம் முழுக்க வெள்ளையாக வழுவழுவென்று இருந்தது. சோப்பு. எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிந்ததும் முழங்கால்வரை உடுப்புச் சோப்பைத் தேய்த்துக் காயவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். அப்போதுதான் அட்டை ஏறாது. பல் விளக்குவதைப் போல அது அவ்வளவு பழக்கம். பிளாஸ்டர் சுற்ற உட்காரும் முன்பே பூசியிருக்கிறாள். சோப்பின் மேல் பிளாஸ்டர் ஒட்டாது என்று அதே மலையில் பிறந்த எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அந்தக் காலைக் கழுவித் துடைத்து, சோப்பில்லாமல் சுற்றினேன். நின்றது. சாயங்காலம்வரை நின்றது. அக்கா பெரட்டுக்குப் போனாள், ஏறினாள், இறங்கினாள். பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறித்த பெண்கள் சீண்டாமல் விடவில்லை.

"என்னாக்கா, கிரிக்கெட்டுக்கு எடுத்துட்டாங்களா?"

"ஆமாண்டி. நீ வந்து பந்து பொறுக்கு."

கங்காணி மட்டும் அவள் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்குக்குக் கீழே தெரிந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, "அத மறைச்சிக்க புள்ள. கண்டாக்கையா பாத்தா வீட்டுக்குப் போன்னுருவாரு" என்றார். அந்தத் தோட்ட உத்தியோகத்தர் கண்ணில் படாதபடி அக்கா படங்கை இன்னும் தாழ்த்திக் கட்டிக்கொண்டாள்.

சோப்பில்லாத கால் அட்டைகளுக்குத் திறந்த வீடு. பிளாஸ்டரின் ஓரத்தில் ஏறி, இடுக்கில் நுழைந்து, உள்ளேயே குடித்துப் பருத்துக் கிடந்தன. மேலே சோப்புத் தேய்த்துப் பார்த்தோம், மழையில் கரைந்து இறங்கி ஓரத்தைக் கிளப்பியது. உப்பும் நிற்கவில்லை. சாயங்காலம் நான் பிளாஸ்டரை உரிக்கும்போது தண்ணீரும் இரத்தமும் சேர்ந்து வடியும். ஊறி வெளுத்த தோல் அதோடு சேர்ந்து வரும். அக்கா கத்த மாட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம்" என்பாள்.

என் சுருள்கள் தீர்ந்ததும் கினிகத்தேனை டவுனுக்குப் போனேன். மருந்துக் கடைக்கார நானா ஒரு மெல்லிய பிளாஸ்டரை எடுத்து வைத்தார்.

"கால நிறுத்துமா நானா?"

"இது காயத்துக்கு ஒட்டுற சாமான் தம்பி. கால நிறுத்துற சாமான் நம்மகிட்ட இல்ல. அந்தக் கால் வீட்ல நிக்கட்டுமே?"

"வீடு நிக்கணுமே நானா."

அவர் பிளாஸ்டரைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அதை ஒட்டவும் இடமில்லை. கணுக்காலைச் சுற்றி அட்டைக் கடிகள் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தன. வீக்கம் முன்பைவிட அதிகம். எங்கே ஒட்டினாலும் தோல்தான் வரும். ஒட்டாமல் போனாள். முதல் கானிலேயே கால் மறுபடி மடங்கியது. இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்து வாசலில் உட்காரவைத்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே கங்காணி வந்தார்.

"நா எவ்வளவு நாளைக்குத்தான் சமாளிச்சி சொல்றது? காம்பிராவுக்கு ஒரு பேர் வேணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. புண்ணில் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நீ இருக்க மாட்ட. எனக்குத் தெரியும். நா கேக்கல."

அடுத்த கிழமை என் பேரைப் பதிந்தார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கொடுத்தார்கள். காம்பிரா நின்றது. அக்காவின் கால் நேராகவில்லை. இப்போது சுவரைப் பிடித்துப் பிடித்துத் தண்ணி பிடிக்கும் பீலிவரை போவாள், அதற்கு மேல் முடியாது. ஊன்றினால் உள்பக்கமாக மடங்குகிறது. ஆஸ்பத்திரியில், ஆறவேண்டிய காலம் போய்விட்டது என்றார்கள். மைதானத்திலிருந்து ஒரு தடவை ஆள் கேட்டுப் போன் வந்தது. வர முடியாது என்றேன்.

விடிந்ததும் அக்கா வாசற்படியில் சோப்பையும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீரையும் எடுத்து வைத்திருப்பாள். இரண்டு காலிலும் பூசிக்கொள்கிறேன்.

"முட்டிக்குப் பின்னால பூசுனியா?"

"பூசுனேன்."

காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பிறகு நான் மலை ஏறுகிறேன்.