வலக்கண்ணாடி

என் வண்டியில் வலப்பக்கம் மட்டும்தான் கண்ணாடி. இடப்பக்கத்தது அழகைக் கெடுக்கிறது என்று, வாங்கிய வாரமே கழற்றி எறிந்துவிட்டேன். மிச்சமிருக்கும் அந்த ஒன்றைத் துடைக்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

தங்கையின் கணவரும் நானும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் கேரளம் வரை போய் மலைமலையாகச் சுற்றிவிட்டுத் திரும்பிய ஐந்தாம் நாள் அது. நேராகப் பாப்பாரப்பட்டிக்குப் போயிருந்தால் மத்தியானச் சாப்பாடு வீட்டில். சித்தேரி மலையையும் ஏறிப் பார்த்துவிடலாம் என்று ஆசை காட்டியவன் நான்தான். மலைகளில் போன் எடுக்காது என்பதால் முதல் நாளே அவர் ஒரு விதி வைத்திருந்தார். "முன்னால போறவரு ஒவ்வொரு வளைவுலயும் கண்ணாடியப் பாக்கணும் மச்சான். பின்னால வண்டி தெரியலன்னா நின்னுரணும். அது போதும்." நாலு நாளும் அவர்தான் முன்னால் போனார். நான் பின்தங்கிய இடத்திலெல்லாம் வண்டியை ஓரங்கட்டி நின்றிருந்தார். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

அரூர் டீக்கடையில்தான் வினை பிடித்தது. இரண்டு இளவட்டங்கள் எங்கள் வண்டிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பயணத்தைப் பற்றி விசாரித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "மச்சானுக்குக் காத்து நின்னதுலயே அஞ்சு நாளு ஆயிடுச்சுங்க. இல்லன்னா மூணே நாளு" என்றார். கேலிதான். மச்சானை மாப்பிள்ளை கேலி செய்யாமல் வேறு யார் செய்வார்? எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை முந்திக்கொண்டு கிளம்பினேன். மலை ஏறும்போது கண்ணாடியில் அவர் ஹெல்மெட் தெரிந்துகொண்டே இருந்தது பிடிக்காமல், அதை உள்பக்கமாகத் திருப்பி விட்டேன்.

மேலே போய் டீ குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். அவர் இன்னும் வரவில்லை என்பது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இனி அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பஸ் ஏறி வந்து நின்றபோது டிரைவர்தான் கேட்டார். "கீழ வளைவுல ஒருத்தரு வுழுந்து கெடக்கறாருங்க. தொணைக்கு ஆள எறக்கி வுட்டுட்டு வந்திருக்கோம். உங்ககூட வந்தவருங்களா?"

ஜல்லியில் சறுக்கியிருக்கிறது. பஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் இடது கால் வண்டிக்கு அடியில். நான் போய் நின்றதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பியிருந்த கண்ணாடியைத்தான் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குத் தங்கை ஓடி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். "கண்ணாடியில என்னக் காணம்னதும் உங்கண்ணன் திரும்பி வந்துட்டாரு. இல்லன்னா என் கதி அவ்ளோதான்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருஷமாகியும் சொல்லவில்லை. விசேஷம் தவறாமல் அவர் அந்தக் கதையைச் சொந்தபந்தங்களிடம் சொல்கிறார். சொல்லி முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்க்கிறார். தங்கை என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுகிறாள். என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவருடைய கணுக்கால் இனி அசையாது. கியர் போட முடியாததால் வண்டியை விற்றாயிற்று. மாதம் ஒருமுறை தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறேன். போன வாரம் கிளம்பும்போது வாசலில் நின்ற தங்கை, "உங்கூட அனுப்புனா எனக்குப் பயமே இல்லண்ணா" என்றாள். அவர் ஏறி உட்கார்ந்தார். என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, தன் முகம் அதில் விழும்வரை கண்ணாடியை மெல்லத் திருப்பினார்.

"இப்பத் தெரியறனா மச்சான்?"

"தெரியறீங்க மாப்ளை" என்றேன். தங்கை சிரித்துக்கொண்டே கையசைத்தாள்.